பக்கத்து வீட்டு சிசிடிவி நம் வீட்டைப் பார்க்கிறதா? செய்ய வேண்டியவை, வரிசையாக

கோலாலம்பூரில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் கார் போர்ச் கூரைக்குக் கீழே ஒன்றிரண்டு கேமராக்கள் கண்ணில் படும். நூறு, இருநூறு வெள்ளிக்கே நல்ல கேமரா கிடைக்கிறது, ஆன்லைனில் வாங்கி வீட்டுப் பையனே மாட்டிவிடுகிறான். திருட்டு பயத்தில் மாட்டுகிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒட்டிக்கட்டிய தெரஸ் வீடுகளில் ஒரு கேமரா சற்றே திரும்பியிருந்தாலும் அடுத்த வீட்டு வாசல் முழுவதும் அதற்குள் வந்துவிடும். விடியற்காலையில் நைட்டியோடு வாசல் தெளித்துக் கோலம் போட வரும் அம்மா, பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள், தலையில் எண்ணெயோடு போர்ச்சில் உட்கார்ந்திருக்கும் அப்பா, இவர்கள் யாரும் இன்னொருவர் கைப்பேசியில் பதிவாக வேண்டியதில்லை. வீட்டுக்குள் இருக்கிறவர் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்க முடியவேண்டும், அவ்வளவுதான் நாம் கேட்பது.

இது பெரும்பாலும் சண்டை இல்லாமலே தீர்ந்துவிடக்கூடிய விஷயம், ஆனால் வரிசை மாறக்கூடாது. கேமரா உண்மையில் எதைப் பார்க்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு பேச்சு, பிறகு நம் பக்கத்து மறைப்பு. புகாரும் சட்டமும் கடைசியில். பலர் நேராக போலீஸ் ரிப்போர்ட்டில் தொடங்கிவிடுகிறார்கள், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டாரோடு பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடுகிறது.

முதலில்: அது எதைப் பார்க்கிறது?

குழாய்போல நீண்ட கேமரா என்றால் முகம் எந்தப் பக்கம் என்பது வெளியே நின்றே தெரியும். கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் டோம் கேமராவில் தெரியாது, கறுப்புக் கண்ணாடிக்குள் லென்ஸ் எங்கே திரும்பியிருக்கிறது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. உருண்டையாக, தானே சுழலும் வகையும் இருக்கிறது, அது இன்று ரோட்டைப் பார்க்கும், நாளைக்கு உங்கள் சன்னலைப் பார்க்கும். வாசல் மணியோடு சேர்ந்து வரும் கேமரா கொண்டோக்களில் அதிகம், எதிர்க்கதவு திறந்தால் வரவேற்பறை வரைக்கும் அதற்குத் தெரியும்.

எளிதான சோதனை ஒன்று. நீங்கள் கவலைப்படும் இடத்தில் போய் நில்லுங்கள், அது வாசல்படியாக இருக்கலாம், துணி காயப்போடும் இடமாக இருக்கலாம், மாடி சன்னலாக இருக்கலாம். அங்கிருந்து லென்ஸின் கண்ணாடி வட்டம் உங்களுக்குத் தெரிந்தால், அது உங்களைப் பார்க்கக்கூடும். கேமராவின் முதுகோ பக்கவாட்டோ மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. இரவிலும் பாருங்கள். பல கேமராக்களில் லென்ஸைச் சுற்றி அகச்சிவப்பு விளக்குகள் மங்கலான சிவப்பாக எரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பாருங்கள், பல போன்களில் அது ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும்.

தூரமும் முக்கியம். வீடுகளில் அதிகம் பயன்படும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி அகலத்துக்குப் பார்க்கும். அகலமாகப் பார்ப்பதால் தூரத்து முகங்கள் அதில் சின்னதாகிவிடும். 2 மெகாபிக்சல் கேமராவாக இருந்தால் ஏறக்குறைய 3 மீட்டருக்குள்தான் ஒரு முகத்தை ஐயமில்லாமல் அடையாளம் காட்டும், 6 மீட்டரில் ஏற்கெனவே தெரிந்தவரைத் தெரிந்துகொள்ளலாம், 12 மீட்டரில் யாரோ ஒருவர் என்ன செய்கிறார் என்பது மட்டும் தெரியும். 8 மெகாபிக்சல், அதாவது 4கே கேமராவுக்கு இந்தத் தூரங்கள் எல்லாம் இரண்டு மடங்கு. சாதாரண தெரஸ் வீட்டின் அகலமோ 20, 22 அடி, ஏறக்குறைய 6, 7 மீட்டர். ஆகவே எதிர்வீட்டுக் கேமராவைவிட, சுவர் ஒட்டியிருக்கும் பக்கத்து வீட்டுக் கேமராவைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். எதிர்வீட்டுக் கேமரா கண்ணுக்கு நேராக இருப்பதால் அதுதான் மனத்தை உறுத்தும், ஆனால் படத்தில் நீங்கள் ஒரு புள்ளியாக மட்டும் இருக்கலாம்.

வீட்டின் பின்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். நம் ஊர் தெரஸ் வீடுகளில் சமையலறையும் குளியலறையும் பின்சந்தைப் பார்த்துத்தான் இருக்கின்றன, அங்கே இன்னும் பல வீடுகளில் சாய்த்துத் திறக்கும் பட்டைகளாலான பழைய நாக்கோ கண்ணாடிகள்தான், குளித்துவிட்டு ஆவி போக அதைத் திறந்து வைப்பது வழக்கம். பின்சந்தில் திருடன் ஏறாமலிருக்க மாட்டிய கேமரா ஒன்று அந்தத் திறப்புக்கு நேராக இருந்தால் அது எல்லாவற்றையும்விட அவசரம், அன்றைக்கே கவனியுங்கள்.

சோதித்ததைக் குறித்து வையுங்கள். உங்கள் வீட்டு எல்லைக்குள் நின்றபடியே கேமராவைப் படம் எடுங்கள், தேதி இருக்கட்டும். அவர்கள் காம்பவுண்டுக்குள் காலை வைக்கவேண்டாம்.

பேசுங்கள், படத்தைப் பார்க்கக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: பக்கத்து வீட்டாரின் கைப்பேசியில் அந்தக் கேமராவின் படத்தை நேரில் பாருங்கள். "உங்கள் கேமரா என் வீட்டைப் பார்க்கிறது" என்று சொன்னால் "இல்லை, ரோட்டைத்தான் பார்க்கிறது" என்று பதில் வரும், இரண்டு பேரும் தாங்கள் சொல்வதே சரி என்று நம்புவார்கள். படத்தைத் திறந்தால் வாக்குவாதத்துக்கு வேலையே இல்லை. ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்களுக்கு அன்றே நிம்மதி. உங்கள் சன்னல் தெரிகிறது என்றால் அவருக்கே சங்கடமாகிவிடும். டெக்னீஷியன் மாட்டிவிட்டுப் போனதோடு சரி, ஓரத்தில் எது தெரிகிறது என்று கவனிக்காதவர்கள்தான் அதிகம்.

எப்போது போவது? வேலை முடிந்து களைத்து வரும் நேரம் வேண்டாம், ஞாயிறு காலை நல்லது. வெறுங்கையோடு போகாமல் வீட்டில் செய்த வடையோ கேசரியோ கொண்டுபோனால் பேச்சு இலகுவாகத் தொடங்கும். தாமான் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இதை எழுதாதீர்கள். ஐம்பது பேர் முன்னால் ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தினால், அவர் விட்டுக்கொடுக்க நினைத்தாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

நேரில் போகக் கூச்சமாக இருந்தால் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். தமிழ்க் குடும்பமாக இருந்தால் இப்படி எழுதலாம்:

"வணக்கம் அண்ணே, பக்கத்து வீட்டிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் கேமரா போட்டது எங்களுக்கும் பாதுகாப்புதான். போர்ச்சில் இருக்கிற கேமரா கொஞ்சம் எங்கள் வாசல் பக்கம் திரும்பியிருக்கிற மாதிரி தெரிகிறது. அம்மா காலையில் வாசலுக்கு வரக் கூச்சப்படுகிறார். இந்த வாரம் உங்களுக்கு வசதியான நேரத்தில் வந்து, படத்தில் எங்கள் பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாமா?"

சீன அங்கிளோ மலாய் பாக்சிக்கோ என்றாலும் இதே தொனிதான், மொழி மட்டும் மாறும். கேமராவைக் கழற்றச் சொல்லாதீர்கள். அவருடைய பாதுகாப்பைப் பறிக்க வந்ததாக நினைத்துவிடுவார். கேட்பது சின்னதாக, செய்யக்கூடியதாக இருக்கட்டும்.

என்ன கேட்பது

எளியது கோணம். கேமராவின் பிடியில் இருக்கும் திருகைத் தளர்த்தி, ஒரு கை அகலம் கீழ்நோக்கியோ உள்நோக்கியோ திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே திருப்பட்டும், அவருடைய கேட்டும் காரும் படத்தில் இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

கோணத்தை மாற்ற வழியில்லை என்றால் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக்கும் வசதி இருக்கிறது. ஹிக்விஷன், டாஹுவா போன்றவற்றில் பிரைவசி மாஸ்க் என்றும், டாப்போவில் பிரைவசி ஸோன் என்றும் அமைப்புகளுக்குள் இருக்கும். விரலால் ஒரு கட்டம் வரைந்தால் அந்த இடம் பதிவிலேயே கறுப்பாகிவிடும், பிறகு யாராலும் மீட்க முடியாது. இதையும் ஆக்டிவிட்டி ஸோனையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஆக்டிவிட்டி ஸோன் என்பது எந்த இடத்தில் அசைவு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான், அதற்கு வெளியே உள்ள இடமும் படத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். "உங்கள் பக்கத்தை ஆஃப் பண்ணிவிட்டேன்" என்று அவர் சொன்னால், நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார், இருந்தாலும் படத்தில் கறுப்புக் கட்டம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சுழலும் கேமராவாக இருந்தால் அதைத் திருப்பிய பிறகும் கட்டம் சரியான இடத்தில் நிற்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒலியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, கேளுங்கள். வீட்டுக் கேமராக்கள் பலவற்றில் மைக் உண்டு, போர்ச்சில் நீங்கள் போனில் பேசுவது, கணவன் மனைவி வாக்குவாதம், டாக்டர் சொன்ன செய்தி எல்லாம் அதில் விழும். மைக்கை அணைப்பது ஒரு பொத்தான் வேலை, அதனால் அவருடைய பாதுகாப்புக்கு ஒரு குறையும் வராது. முடிந்தால் பாஸ்வேர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், மாட்டிக்கொடுத்தவர் வைத்துவிட்டுப் போன பாஸ்வேர்டே இன்னும் இருந்தால் உங்கள் வாசலை அவரும் பார்க்கலாம்.

சாதாரணப் பழைய கேமராவில் மாஸ்க் வசதி இல்லாமல் இருக்கலாம். அப்போது கேமராவின் பக்கத்தில் உங்கள் திசையை மட்டும் மறைக்கும் சிறு பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பொருத்தச் சொல்லலாம். தகடு மிக அருகில் இருந்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்க வெளுத்துவிடும். ஆகவே மினுமினுப்பில்லாத கறுப்புத் தகடாக இருக்கட்டும், விளக்கின் நேர்ப்பாதையில் அது நீட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், முதல் இரவே படம் வெளுத்து அவர் எரிச்சலோடு தகட்டைப் பிடுங்கிப் போடமாட்டார்.

நம் பக்கத்து மறைப்பு

பேச்சு பலித்தாலும் பலிக்காவிட்டாலும் நம் வீட்டை நாமே மறைத்துக்கொள்வது நல்லது. இதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். ஆனால் கடைக்கு ஓடும் முன் எவ்வளவு உயரம் மறைக்க வேண்டும் என்று அளந்துவிடுங்கள், இல்லாவிட்டால் சுவர் முழுக்க அடைத்து வீட்டுக்குள் காற்று வராமல் செய்துகொள்வீர்கள்.

அளப்பதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் காக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், வழக்கமாக நாற்காலி இருக்குமே, அதே இடத்தில். கண்ணை லென்ஸின் மேல் வையுங்கள். இன்னொருவர் எல்லைச் சுவரோரம் நின்று, கம்பில் கட்டிய கைலியை மெதுவாக உயர்த்தட்டும். லென்ஸ் கைலிக்குப் பின்னால் மறையும் கணத்தில் "நில்" என்று சொல்லி, அந்த உயரத்தைச் சுவரில் சாக்கால் குறியுங்கள். பிறகு உட்கார்ந்தவர் எழுந்து நின்று இன்னொரு முறை. ஒளி நேர்க்கோட்டில்தான் போகும், உங்கள் கண்ணுக்கு லென்ஸ் தெரியவில்லை என்றால் லென்ஸுக்கும் உங்கள் முகம் தெரியாது. பல வீடுகளில், பத்தடி நீளத்துக்கு அடைக்க நினைத்த இடத்தில் மூன்றடித் துண்டே போதும் என்று இதில் தெரிந்துவிடும்.

போர்ச்சுக்கு மூங்கில் பிடாய், அதாவது மூங்கில் தட்டித் திரை, மலிவானது, காற்றும் விடும், வேண்டாத நேரத்தில் சுருட்டிக்கொள்ளலாம். மழைக்காற்றில் அடித்துக்கொள்ளாமல் கீழ்முனையைக் கட்டி வையுங்கள். அலுமினியச் சாய்பலகைகள் நீண்டகாலம் நிற்கும், விலை கூடுதல். செடி வளர்க்கிறவர்களுக்குத் தொட்டியில் மெல்லிய மூங்கிலோ செம்பருத்தியோ நல்ல மறைப்பு, அடர்ந்து வர மாதங்கள் ஆகும், அதுவரை பிடாய் தொங்கட்டும். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், ஏடிஸ் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி சுகாதாரத் துறை அபராதம் போடும்.

சன்னலுக்கு வரும்போது ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கண்ணாடிபோல் மினுக்கும் ஒருவழி ஃபிலிமை ஒட்டிவிட்டு இனிக் கவலையில்லை என்று இருப்பார்கள். வெளியே வெளிச்சம் அதிகமாக இருக்கும்வரை, அதாவது பகலில்தான் அது வேலை செய்யும். இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் நிலைமை தலைகீழாகிவிடும், உள்ளே இருப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வெளியே இருப்பவருக்கு உள்ளே எல்லாம் தெரியும். குளியலறைக்கும் மாடிப்படிச் சன்னலுக்கும் பால்நிற ஃபிலிம்தான் சரி, இரவும் பகலும் ஒரேமாதிரி மறைக்கும். படுக்கையறைக்கு மெல்லிய திரையும் கனத்த திரையும் இரண்டு அடுக்காகப் போடுங்கள், விளக்கைப் போடும் முன் கனத்த திரையை இழுத்துவிடும் பழக்கம் பிள்ளைகளுக்கும் வரட்டும். விளக்கு எரியும் அறைக்குத்தான் ஆபத்து அதிகம்.

எல்லைச் சுவரையே உயர்த்த நினைத்தால் முதலில் கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லில், பினாங்குத் தீவில் என்றால் அங்குள்ள மாநகர் மன்றமான எம்பிபிபி-யில் கேளுங்கள், அனுமதி இல்லாமல் கட்டினால் இடிக்கச் சொல்லலாம். ஜார்ஜ் டவுனில் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபுடைமைப் பகுதிக்குள் வீடு இருந்தால் முகப்பில் எதை மாட்டுவதற்கும் முன்னால் கேட்டுவிடுவது நல்லது. வாடகை வீடு என்றால் ஆணி அடிக்கும் முன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

செய்யவே கூடாதவை

லேசர் அடிப்பது, பெயின்ட் தெளிப்பது, வயரை வெட்டுவது, கல்லெறிவது எல்லாம் சொத்துச் சேதக் குற்றம், தண்டனைச் சட்டத்தின் 427-ஆவது பிரிவில் வரும். நீங்கள் அதைச் செய்வதும் அந்தக் கேமராவிலேயே பதிவாகியிருக்கும். சிக்னலைத் தடுக்கும் ஜாமர் விற்கிறார்கள் என்று வாங்கிவிடாதீர்கள், அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம், அக்கம்பக்கத்து வைஃபையும் சேர்ந்து கெடும். பழிக்குப் பழியாக அவர் வீட்டை நோக்கி ஒரு கேமரா மாட்டுவதும் வேண்டாம், நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் நியாயத்தை அதுவே கெடுத்துவிடும்.

கொண்டோ, அடுக்குமாடி

இங்கே வேலை சுலபம், ஏனென்றால் நடைவழிச் சுவர் யாருடைய தனிச் சொத்தும் அல்ல, பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டத்தின் கீழ் ஜேஎம்பி எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவோ எம்சி எனப்படும் நிர்வாகக் கழகமோதான் அதைப் பார்த்துக்கொள்கிறது, அவர்கள் சம்மதம் இல்லாமல் அங்கே எதையும் பொருத்தக்கூடாது. நிர்வாக அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், எந்த மாடி, எந்தக் கதவு, உங்கள் வீட்டுக்குள் எது தெரிகிறது, படத்தோடு. வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த மாதம் மேனேஜர் மாறியதும் எல்லாம் முதலிலிருந்து. நிர்வாகம் அசையவில்லை என்றால் மாநகர் மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையர் பிரிவு, சிஓபி என்பார்கள், அங்கே போகலாம். அதற்கு மேல் ஸ்திராத்தா நடுவர் மன்றம் இருக்கிறது, பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசும் இடம் அது.

பேச்சு பலிக்கவில்லை என்றால்

மூன்றாவது ஆள் ஒருவரைக் கொண்டுவாருங்கள். அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்கா இருக்கும் இடங்களில் அதன் தலைவர், அல்லது குடியிருப்போர் சங்கத்தில் இரு வீட்டாரும் மதிக்கிற ஒருவர். ஒற்றுமைத் துறையின் கீழ் சமூக நடுவர்கள் பயிற்சி பெற்று இந்தமாதிரி அண்டை வீட்டுத் தகராறுகளையே பார்க்கிறார்கள். பினாங்கில் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போகலாம். கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் இங்கே சட்டமன்ற உறுப்பினர் கிடையாது, நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையம்தான்.

சட்டத்தைப் பற்றி நிறைய தவறான நம்பிக்கை உண்டு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-ல் வந்தது, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது, ஆனால் அது வணிக நடவடிக்கைகளுக்கானது. ஒருவர் தன் சொந்த, குடும்ப, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அதன் 45-ஆவது பிரிவு விலக்கிவிடுகிறது. ஆகவே பக்கத்து வீட்டு அங்கிளின் கேமராவுக்கு அது உதவாது. பக்கத்தில் இருப்பது கடையோ, வாடகைக்கு விடும் ஹோம்ஸ்டேயோ என்றால் அந்த விலக்கைக் காட்டி அவர்கள் தப்புவது கடினம், தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதிப் பார்க்கலாம்.

வீட்டுக் கேமரா விஷயத்தில் கைகொடுப்பது சிவில் வழக்கு. ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், பக்கத்து வீட்டின் முன்பகுதியை நோக்கி வைத்த சிசிடிவி தனியுரிமையில் தலையிடுகிறது என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. வழக்கறிஞரிடம் போகும்போது இந்தத் தீர்ப்பைக் கேளுங்கள். வழக்கு செலவு பிடிக்கும், மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் வழக்கறிஞர் கடிதத்தோடு முடிந்தால் நல்லது, பலருக்கு அந்தக் கடிதமே போதுமானதாக இருக்கிறது. வசதி குறைந்தவர்கள் அரசின் சட்ட உதவித் துறையான ஜபாத்தான் பந்துவான் குவாமானிலும், மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்திலும் ஆலோசனை கேட்கலாம், இரண்டும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன.

போலீஸ் எப்போது? குளியலறையையோ படுக்கையறையையோ குறிவைத்து மாட்டியிருந்தால், வேண்டுமென்றே ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பினால், படத்தை எடுத்து மற்றவர்களுக்கு அனுப்பினால், நடுவர், சங்கம் எதற்கும் காத்திருக்காமல் அன்றே காவல் நிலையம் போங்கள். தண்டனைச் சட்டத்தின் 509-ஆவது பிரிவு ஒருவருடைய மானத்துக்கு இழிவு செய்யும் நோக்கத்தோடு அவருடைய அந்தரங்கத்தில் நுழைவதைக் குற்றமாக்குகிறது, ஐந்தாண்டு வரை சிறை உண்டு. நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்பதால், தேதியோடு எடுத்துவைத்த படங்களும், நீங்கள் பணிவாகக் கேட்டு அனுப்பிய செய்தியும், அதற்கு வந்த பதிலும் இங்கேதான் உதவும். எதையும் அழித்துவிடாதீர்கள்.

நாமும் கேமரா மாட்டும்போது

இதைப் படித்துவிட்டு உங்கள் வீட்டுக்கும் ஒன்று வாங்க நினைப்பீர்கள். சுவரின் வெளிமூலையில் மாட்டி ரோட்டைப் பார்க்கவிடாமல், கேட் தூணில் மாட்டி உங்கள் வீட்டுக் கதவைப் பார்க்கத் திருப்புங்கள். அப்படி மாட்டினால் வருகிறவனின் முதுகு பதிவாகும், முகம் பதிவாகாது என்று சொல்வார்கள். உண்மைதான். அதற்கு, கதவுக்கு மேலே கேட்டை நோக்கி இன்னொன்றைத் தாழ்வாகக் கீழ்நோக்கி வைத்தால் போதும், இரண்டுமே பக்கத்து வீட்டைத் தொடாது. ஓரத்தில் அவர்கள் செடித்தொட்டியாவது விழுந்தால் மாஸ்க் போடுங்கள், மைக்கை அணையுங்கள். திருகை இறுக்கும் முன்பே பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு, "இதோ பாருங்கள் அங்கிள், உங்கள் பக்கம் ஒன்றும் தெரியவில்லை, சரிதானே?" என்று படத்தைக் காட்டிவிடுங்கள். டெக்னீஷியன் சர்வீஸுக்கு வந்து போகும்போதெல்லாம் கோணம் மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்க்கவும் வேண்டும்.